விடிஆர்எல் 'ரியாக்டிவ்'னு வந்தா உடனே சண்டை போடாதீங்க... அதுக்குள்ள ஒரு மைட்டோகாண்ட்ரியா கதை இருக்கு!

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க.

புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஆலங்குடி பக்கமோ, திருமயம் பக்கமோ, எதுவா வேணா இருக்கட்டும். முதல் மாத செக்கப்புக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் எடுக்கறாங்க. ஹீமோகுளோபின், ரத்த குரூப், சுகர், ஹெச்ஐவி, மஞ்சள்காமாலைக்கான டெஸ்ட். கடைசியா ஒண்ணு, விடிஆர்எல். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வருது. கணவர் அதை போன்ல போட்டோ எடுக்கறார். எல்லாம் நார்மல். விடிஆர்எல் பக்கத்துல மட்டும் 'ரியாக்டிவ்'.

அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கூகுள்ல தேடுவார். 'பால்வினை நோய்க்கான பரிசோதனை' என்று முதல் வரியிலேயே வரும். பஸ் ஏறி வீடு வந்து சேர்றதுக்குள்ள, அந்தப் பெண்ணோட நடத்தை வரைக்கும் கேள்வி போயிருக்கும். அம்மா வீட்டுக்கு போன் போகும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது, ஒரே ஒரு வார்த்தையால ஒரு குடும்பம் உடையற அளவுக்குப் போகலாம்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த டெஸ்ட் கிருமியைத் தேடவே இல்லை. அது தேடுவது, நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கும் ஒரு கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியை. அந்தக் கொழுப்பு இருக்கும் இடம், நாம் பள்ளிக்கூடத்தில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று மனப்பாடம் செய்த மைட்டோகாண்ட்ரியா.

மாட்டு இதயத்திலிருந்து வந்த மருந்து

விடிஆர்எல் என்பது நோயின் பெயர் இல்லை. இந்த டெஸ்ட்டை 1946-ல் உருவாக்கிய அமெரிக்க ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம்தான் அது. 'வெனிரியல் டிசீஸ் ரிசர்ச் லேபரட்டரி'. தேடும் நோய், சிஃபிலிஸ். நம் ஊர்ப் பெரியவர்கள் மேகநோய் என்று பொதுவாகச் சொல்வார்களே, அந்த வகையில் ஒன்று.

ஆனால், கதை அதற்கும் 40 வருடங்களுக்கு முன்பே தொடங்குகிறது. 1906-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் வாசர்மேன் என்பவரும் அவருடைய குழுவினரும் சிஃபிலிஸுக்கு முதல் ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். சிஃபிலிஸால் இறந்து பிறந்த சிசுக்களின் ஈரலில் இருந்து ஒரு சாறு எடுத்து, அதை நோயாளியின் ரத்த சீரத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்தச் சாற்றில் கிருமி நிறைய இருக்கும், நோயாளியின் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. டெஸ்ட் வேலை செய்தது.

கொஞ்ச நாளிலேயே ஒரு குழப்பம். கிருமியே இல்லாத, ஆரோக்கியமான மாட்டு இதயத்தை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றிலும் டெஸ்ட் அதே மாதிரி வேலை செய்தது! அப்படியானால் அந்த ஆன்டிபாடி பிடித்தது கிருமியை இல்லை. மாட்டு இதயத்திலும் மனித ஈரலிலும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றை. அது என்ன?

பதில் கிடைக்க 1940-கள் வரை ஆனது. நியூயார்க் மாநில ஆய்வகத்தில் வேலை பார்த்த மேரி பேங்பார்ன் என்ற பெண் விஞ்ஞானி, மாட்டு இதயத்திலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அது ஒரு கொழுப்பு. இதயத்திலிருந்து வந்ததால் 'கார்டியோலிப்பின்' என்று பெயர். இன்றைக்கும் விடிஆர்எல் டெஸ்ட்டில் ஊற்றும் திரவத்தில் இருப்பது மூன்றே கொழுப்புகள்தான். 0.03 சதவிகிதம் கார்டியோலிப்பின், 0.21 சதவிகிதம் லெசித்தின், 0.9 சதவிகிதம் கொலஸ்ட்ரால். நம் ரத்தத்தில் கார்டியோலிப்பினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரியும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் 'ரியாக்டிவ்' என்று எழுதுகிறார்கள். ஆர்பிஆர் என்று இன்னொரு டெஸ்ட் எழுதியிருந்தாலும் இதே கதைதான். அதில் கரித்துகள் சேர்த்திருப்பதால் திரிவது வெறும் கண்ணுக்கே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்மாய்க் கரையும் மடையும்

சரி, இந்தக் கொழுப்பு நம் உடம்பில் என்ன பண்ணுது?

இதைப் புரிந்துகொள்ள புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கண்மாய் தெரியாத ஆள் அங்கே கிடையாது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கண்மாய்கள். ஒரு பக்கம் கரை கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து வயலுக்குப் போகும். தண்ணீருக்கு அந்த வேகத்தைக் கொடுப்பது என்ன? கரைக்கு இந்தப் பக்கம் மட்டம் உயரம், அந்தப் பக்கம் தாழ்வு. கரை கசிந்து ரெண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகிவிட்டால் மடை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான். அதற்கு ரெண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு வேலி மாதிரி. உள்சவ்வுதான் கரை. அந்தக் கரையில் பதிந்திருக்கும் சில புரதங்கள், நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து வரும் எலெக்ட்ரான்களைக் கைமாற்றி கைமாற்றி அனுப்பிக்கொண்டே, அந்த சக்தியில் ஹைட்ரஜன் அயனிகளை ஒரு பக்கத்துக்கு இறைக்கின்றன. இவை இறைக்கிற மோட்டார்கள். ஒரு பக்கம் மட்டம் உயர்கிறது. இன்னொரு புரதம் இருக்கிறது, ஏடிபி சிந்தேஸ். அதுதான் மடை. அயனிகள் அதன் வழியாகத் திரும்பிப் பாயும்போது அது நிஜமாகவே சுழல்கிறது. நொடிக்கு நூறு சுற்று அளவில்! அந்தச் சுழற்சியில் தயாராவதுதான் ஏடிபி. நீங்கள் இப்போது இந்த வரியைப் படிக்க, போனைப் பிடிக்க, இதயம் துடிக்க, எல்லாத்துக்கும் செலவாகிற சில்லறைக் காசு அதுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாளில் ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமமான ஏடிபியைத் திரும்பத் திரும்ப செய்து, செலவழித்துக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது கேள்வி. மோட்டாரும் மடையும் புரதம். கரை கட்டிய மண் எது? அதுதான் கொழுப்பு.

பாடப்புத்தகப் படத்தில் கொழுப்பு என்பது புரதங்கள் மிதக்கிற எண்ணெய் மாதிரி காட்டப்பட்டிருக்கும். உண்மையில் அது சும்மா கிடக்கிற மண் இல்லை. கரையில் மடையைப் பதிக்கும்போது சுற்றிலும் என்ன செய்வார்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். கையில் கிடைத்த மண்ணைப் போட மாட்டார்கள். நல்ல களிமண்ணைப் பிசைந்து கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் அடைத்து இறுக்குவார்கள். இல்லையென்றால் மடை உறுதியாக இருந்தாலும் பக்கவாட்டில் தண்ணீர் கசியும். ஒரு மழைக்கே கரை உடைத்துக்கொள்ளும்.

கார்டியோலிப்பின்தான் அந்தக் களிமண்.

நாலு வால் கொழுப்பு

செல்லில் இருக்கும் சாதாரண சவ்வுக் கொழுப்புக்கு ஒரு தலை, ரெண்டு வால். கார்டியோலிப்பினுக்கு நாலு வால். தலையில் ரெண்டு பாஸ்பேட், அதாவது எதிர்மின் சுமை. புரதங்களில் நேர்மின் சுமை உள்ள குழிகள் இருக்கும். கார்டியோலிப்பினின் தலை அந்தக் குழியில் போய் உட்கார, நாலு வாலும் புரதத்தின் மேடு பள்ளங்களோடு பொருந்திக்கொள்ளும். இப்படி ஒட்டிக்கொண்டு அது செய்கிற வேலைகள் கொஞ்சநஞ்சமில்லை.

ஒன்று, மோட்டார் புரதங்களைத் தனித்தனியாக விடாமல் ஒரே கூட்டாகச் சேர்த்துப் பிடிக்கிறது. ரெண்டு, உள்சவ்வு நிறைய மடிப்புகளாக வளைந்திருப்பதற்கு உதவுகிறது. மடிப்பு அதிகமானால் இடம் அதிகம், இடம் அதிகமானால் ஏடிபி அதிகம். மூன்று, தயாரான ஏடிபியை வெளியே கொண்டுபோகும் வாகனப் புரதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தப் புரதத்தின் வடிவத்தை 2003-ல் படம்பிடித்துப் பார்த்தபோது, அதோடு கார்டியோலிப்பின் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நாலு, சைட்டோகுரோம் சி என்ற சின்ன புரதத்தைச் சவ்வோடு கட்டி வைக்கிறது. செல் ரொம்பவும் சேதமானால் கார்டியோலிப்பின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பிடியை விடும். அந்தப் புரதம் வெளியே போய், 'இந்த செல்லை மூடிவிடலாம்' என்று சொல்லும் சிக்னலாக மாறும்.

மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் கொழுப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கார்டியோலிப்பின். இதயத்தில் இருப்பதன் வால்கள் பெரும்பாலும் லினோலிக் அமிலம். நம் வீட்டு நல்லெண்ணெயிலும், கடலை எண்ணெயிலும், சூரியகாந்தி எண்ணெயிலும் இருக்கிற அதே அமிலம். அதற்காக எண்ணெயை அள்ளி ஊற்ற வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடுவதிலேயே தேவையானது கிடைத்துவிடும்.

இது பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அரிய நோய் சாட்சி. பார்த் சிண்ட்ரோம். நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983-ல் விவரித்தது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். கார்டியோலிப்பினுக்கு சரியான வால்களை மாட்டும் 'டஃபாசின்' என்ற புரதத்தின் மரபணுவில் குறை. மோட்டார் புரதங்களில் நேரடியாக எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் குழந்தையின் இதயம் பலவீனமாகிறது, தசை சோர்கிறது. களிமண் சரியில்லாத மடை! கார்டியோலிப்பினோடு ஒட்டிக்கொண்டு அதைத் தாங்கும் எலாமிப்ரிடைடு என்ற மருந்துக்கு 2025 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது.

உள்ளே இருப்பது எப்படி வெளியே வந்தது?

இப்போ டெஸ்ட்டுக்கு வருவோம். கார்டியோலிப்பின் இருப்பது செல்லுக்குள்ளே, அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளே, அதிலும் உள்சவ்வில். ரத்தத்தில் ரோந்து போகும் நம் நோய் எதிர்ப்பு சக்தி சாதாரணமாக அதைப் பார்க்கவே பார்க்காது. சிஃபிலிஸ் கிருமி செல்களை உடைக்கும்போது உள்ளே இருந்தது வெளியே சிந்துகிறது. கூடவே, அந்தக் கிருமியின் சவ்விலும் கார்டியோலிப்பின் இருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மைட்டோகாண்ட்ரியாவே கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த ஒரு பாக்டீரியாதான். பழைய சொந்தம்!

இரண்டையும் பார்த்து உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதைத்தான் விடிஆர்எல் பிடிக்கிறது. அப்படியானால் வேறு எந்தக் காரணத்தால் இந்த ஆன்டிபாடி வந்தாலும் டெஸ்ட் 'ரியாக்டிவ்' காட்டும், இல்லையா? ஆமாம், காட்டும். சில வைரஸ் காய்ச்சல்கள், மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் பிரச்னைகள், சில சமயம் வயது முதிர்ச்சி, சில சமயம் கர்ப்பமே கூட. சிஃபிலிஸ் இல்லாமலே ரியாக்டிவ் வருவதை 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்கிறார்கள்.

அதனால, அந்த ஒரு பேப்பரை வச்சு யாரையும் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க.

'ஃபால்ஸ்'தானேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க

இதிலும் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றால் எப்போதும் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம் கிடையாது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒரு பிரச்னை. 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை விளக்கினார். இது இருப்பவர்களுக்கு ரத்தம் தேவையில்லாமல் உறையும். பெண்களுக்குத் திரும்பத் திரும்ப கருச்சிதைவு ஆகலாம். இவர்களுக்கும் விடிஆர்எல் ரியாக்டிவ் வரலாம்.

இங்கேயும் கொழுப்பும் புரதமும் கை கோர்த்த கதைதான். சிஃபிலிஸில் வரும் ஆன்டிபாடி கார்டியோலிப்பினை நேராகப் பிடிக்கும். இந்தப் பிரச்னையில் வரும் ஆன்டிபாடிக்குக் கொழுப்பு மட்டும் போதாது. ரத்தத்தில் ஓடும் 'பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்' என்ற புரதம் அந்தக் கொழுப்பின் மேல் ஒட்டியிருந்தால்தான் பிடிக்கும். இது 1990-ல் தெரியவந்தது. இன்று அதற்குத் தனியாக ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. கண்டுபிடித்தால் ஆஸ்பிரின், ஹெப்பரின் கொடுத்து அடுத்த கர்ப்பத்தைக் காப்பாற்ற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

இதற்கு முன் கரு கலைந்திருந்தால், காலிலோ வேறு எங்கோ ரத்தக்கட்டி வந்திருந்தால், விடிஆர்எல்லும் ரியாக்டிவாக இருந்தால், மூன்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். 'பழசெல்லாம் எதுக்கு' என்று மறைத்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

சரி, ரியாக்டிவ் வந்தா என்ன பண்ணணும்?

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள். டிபிஹெச்ஏ என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. அது கொழுப்பைத் தேடாது, சிஃபிலிஸ் கிருமியின் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும். விடிஆர்எல் ரியாக்டிவ், டிபிஹெச்ஏ நான்-ரியாக்டிவ் என்றால் பெரும்பாலும் ஃபால்ஸ் பாசிட்டிவ். சில வாரங்கள் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

ரெண்டுமே ரியாக்டிவ் என்றால் தொற்று இப்போது இருக்கிறது, அல்லது முன்பு எப்போதோ இருந்தது. இதையும் கவனியுங்கள். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அறிகுறியே இல்லாமல் வருடக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருக்கும் நோய் இது. டிபிஹெச்ஏ சிகிச்சை முடிந்து குணமான பிறகும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ரியாக்டிவாகவே இருக்கும். அதனால் நிஜமான பாசிட்டிவ் கூட துரோகத்துக்கான சாட்சி ஆகாது. மனைவிக்குக் கணவரிடமிருந்து வந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறதே!

கர்ப்பிணிகள் விஷயத்தில் டாக்டர்கள் ரெண்டாவது டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் பென்சாதீன் பென்சிலின் ஊசி போடச் சொல்லலாம். பயப்படாதீர்கள். ஊசி போட்டதாலேயே நோய் உறுதி என்று அர்த்தமில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது, பிறவியிலேயே சிஃபிலிஸ் என்று ஆபத்துகள் பெரிசு. பென்சிலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் குழந்தையையும் காப்பாற்றும். ஆரம்ப நிலை என்றால் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. நாள்பட்டதாக இருந்தால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். இது கட்டாயம். அவருக்கு இருந்து சிகிச்சை எடுக்காமல் விட்டால் மனைவிக்குத் திரும்பவும் வரும். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சுகவாழ்வு மையத்தில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். உங்கள் விவரம் வெளியே போகாது.

அந்தப் பெயரை மறக்காதீங்க

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவித் திட்டத்தின் பெயர் என்ன? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். அவர் புதுக்கோட்டைப் பெண். 1886-ல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆனார். சட்டமன்றத்தில் அவர் தொடங்கிவைத்த போராட்டம் 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது.

ஒரு பெண்ணின் பிறப்பை வைத்தும் உடம்பை வைத்தும் ஊர் தீர்ப்பு சொல்வதை வாழ்நாள் முழுக்க எதிர்த்த டாக்டர் அவர். அவர் பெயரில் இருக்கும் திட்டத்துக்காக எடுக்கிற செக்கப் ரிப்போர்ட்டை வைத்தே இன்னொரு பெண்ணுக்கு ஊர் தீர்ப்பு சொன்னால் எப்படி?

மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மூலையில், ஒரு புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கொழுப்பு அது. உங்கள் உடம்பிலும் இருக்கிறது, உங்கள் மாமியார் உடம்பிலும் இருக்கிறது. அடுத்த முறை வீட்டில் யாருக்காவது 'ரியாக்டிவ்' என்று வந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க.